பழைய மாட்டுக் கொட்டகையைத் தச்சுப் பட்டறையாக மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா விட்டுப்போன மாட்டுக் கொட்டகை; கையில் காசு சேரச் சேரப் பட்டறையாக்க வேண்டும். முதலில் தரையா, கூரையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூரைதான். ஒழுகும் கூரைக்குக் கீழே போடும் வயரிங் வீண். தகரம் என்றால் துருப்பிடித்ததை மட்டும் மாற்றினால் போதும். சாம்பல் நிறப் பழைய சிமெண்ட் அலைத்தகடாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதைத் துளைக்காதீர்கள், உடைக்காதீர்கள். தூசி நுரையீரலுக்கு எமன். பழக்கமுள்ள ஆளை வைத்துக் கழற்றுங்கள்.

அப்புறம் தூண்கள். ஸ்க்ரூடிரைவரால் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த மரம் 'டக்'கென்று தடுக்கும். கரையான் அரித்தது பொரி மாதிரி உள்வாங்கும். என் கொட்டகையில் எட்டில் மூன்று அப்படித்தான் இருந்தன. உத்தரத்துக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்கி, அடியை அறுத்துவிட்டு, ஒரு சாண் உயர கான்கிரீட் கட்டையில் நிறுத்தினேன். மூன்று வாரம் போனது, முதுகும் போனது.

தரையில் ஊறிய சாண மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மூத்திர உப்பு, மேலே போடும் கான்கிரீட் தரையின் கம்பியை அரிக்கும். கான்கிரீட்டுக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் விரித்தால் ஈரம் ஏறாது.

மின்சாரத்துக்குப் பதிவு பெற்ற வயர்மேன்தான், சொந்தக் கைவேலை வேண்டாம். சுவரை மட்டும் முழுக்க அடைத்துவிடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் மதியம் ரம்பம் பிடிக்க முடியாது.