100 வாட் பல்புக்குக் கணக்கில் 529 ஓம், மீட்டரில் 40 ஓம்: எது சரி?

கேள்வி: மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தால் மின்தடையையும் மின்திறனையும் எப்படிக் கணக்கிடுவது? 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்புக்குக் கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மல்டிமீட்டரோ 40 ஓம்தான் காட்டுகிறது. எங்கே பிழை?

பதில்:

உங்கள் கணக்கும் சரி, மீட்டரும் சரி. இரண்டும் ஒரே பல்பின் இரு வேறு நிலைகளைச் சொல்கின்றன.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டையும் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அளவுகளை வோல்ட்டிலும் ஆம்பியரிலும் எடுத்துக்கொண்டால் விடைகள் முறையே ஓமிலும் வாட்டிலும் வரும். உங்கள் பல்பு 230 வோல்ட்டில் எரியும்போது ஏறத்தாழ 0.435 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது, 230ஐ 0.435ஆல் வகுத்தால் 529 ஓம், பெருக்கினால் 100 வாட்.

ஆனால் இந்த 529 ஓம், இழை ஏறத்தாழ 2,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெண்மையாக ஒளிரும்போது இருக்கும் மின்தடை. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துத் தொடும்போது அது மிகச் சிறிய மின்னோட்டத்தையே செலுத்துவதால் இழை குளிர்ந்தே இருக்கிறது. இழை செய்யப்பட்ட டங்ஸ்டன் உலோகத்தின் மின்தடை வெப்பம் ஏற ஏறப் பத்து மடங்குக்கும் மேலாக உயரக்கூடியது. 40 ஓம் அப்படியே நீடித்திருந்தால் பல்பு 5.75 ஆம்பியர் இழுத்து 1,300 வாட்டுக்கு மேல் எரிந்திருக்க வேண்டும். சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் உண்மையிலேயே இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்கிறது. நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இழை சூடாகி அதைக் கட்டுப்படுத்திவிடுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே ஃபியூஸ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் முதலாம் ஆண்டு படித்தபோது எனக்கும் இதே ஐயம் வந்தது. எங்கள் ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லாமல், ஒரு பல்புக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை 20 வோல்ட்டிலிருந்து படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு படியிலும் அம்மீட்டர் காட்டும் அளவைக் குறிக்கச் சொன்னார். வகுத்துப் பார்த்தபோது மின்தடை ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போனது. வரைபடத்தில் நேர்கோட்டை எதிர்பார்த்த எனக்கு வளைகோடு வந்தது. மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் ஓம் விதியில் 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்று வரும் சொற்களின் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அந்த விதியைக் கண்டறிந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் தம் நூலை வெளியிடுவதற்கு முன்பு செய்த சோதனைகளில், அக்கால மின்கலங்கள் நிலையாக இல்லாததால், ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்த வெப்ப மின்னிரட்டையை (இரு உலோகங்களை இணைத்து, முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்சாரம் தரும் அமைப்பு) மின்மூலமாகப் பயன்படுத்தினார். நிலைமைகளை மாறாமல் வைத்துக்கொள்ள அவர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்.

தண்ணீர் காய வைக்கும் ஹீட்டரில் கதை வேறு. அதிலுள்ள நிக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகக் கலவை) கம்பியின் மின்தடை சூட்டினால் சில விழுக்காடு மட்டுமே மாறும். எனவே 230 வோல்ட், 1,500 வாட் ஹீட்டரின் மின்னோட்டம் 6.5 ஆம்பியர், மின்தடை 35.3 ஓம் என்று துணிந்து சொல்லலாம். இங்கே பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மாலை நேரத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கினால், 1,500ஐ 180ஆல் வகுத்து, மின்னோட்டம் 8.3 ஆம்பியராகக் கூடிவிட்டது என்கிறார்கள். கருவியில் அச்சிட்டிருக்கும் வாட் 230 வோல்ட்டுக்கு மட்டுமே பொருந்தும். மாறாமல் நிற்பது மின்தடைதான். 180ஐ 35.3ஆல் வகுத்தால் 5.1 ஆம்பியர், மின்திறன் ஏறத்தாழ 918 வாட். அதாவது மின்னழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைகிறது. 20 நிமிடத்தில் காயும் தண்ணீருக்கு 33 நிமிடம் ஆகும்.

மின்விசிறி, மோட்டார் போன்றவற்றில் மாறுமின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் இப்படி நேரடியாகப் பெருக்கி வாட் என்று எழுதக் கூடாது. அந்தப் பெருக்குத்தொகையில் எவ்வளவு பங்கு உண்மையான மின்திறன் என்று காட்டும் திறன் காரணியாலும் (பவர் ஃபேக்டர்) பெருக்க வேண்டும். வகுத்து வரும் விடையும் அவற்றில் வெறும் மின்தடை அன்று.

இதே கணக்கை நான் மிகுதியாகப் பயன்படுத்துவது சூடாகும் பிளக்குகளை ஆராயத்தான். தளர்ந்துபோன சாக்கெட்டில் தொடுமிடத்தின் மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரின் 6.5 ஆம்பியர் அதன் வழியே போனால் அங்கே 3.25 வோல்ட் இழப்பாகிறது. பெருக்கினால் 21 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு ஒரு பித்தளைப் பின்னில் குவிகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறி உருகுவது இதனால்தான். ஹீட்டரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டிலேயே செருகுங்கள்.

அளக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஓம் அளவில் வைத்த மீட்டரை மின்சாரம் உள்ள இடத்தில் தொடக் கூடாது. மின்னோட்டத்தைத் தொடரிணைப்பில்தான், அதாவது மின்னோட்டம் மீட்டர் வழியாகவே கருவிக்குப் போகும்படி இணைத்துத்தான், அளக்க வேண்டும். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் கம்பியைச் செருகிவிட்டு சாக்கெட்டின் இரு முனைகளைத் தொட்டால், மீட்டரின் மின்தடை மிகக் குறைவாக இருப்பதால் அது நேரடிக் குறுக்குச் சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). வீட்டு மின்சாரத்தில் மின்னோட்டம் அளக்க வேண்டுமானால் சுற்றைப் பிரிக்காமல் கம்பியைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரையே வாங்கிக்கொள்ளுங்கள்.