மார்கழிக் காலையில் கார் முரண்டு பிடிப்பது எத்தனாலாலா?

கேள்வி: 2023 கடைசியில் வாங்கிய இ20 கார் (20 சதவீதம் எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோலுக்கானது). மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் மூன்று நான்கு தடவை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. "எத்தனால் குளிரில் எரியாது சார், ஒரு லிக்விட் ஊற்றினால் பிரிஞ்சிடும், ஃப்ளெக்ஸ் கிட் போட்டால் இன்னும் நல்லது" என்கிறார் மெக்கானிக். பொங்கல் லீவுக்கு ஊட்டி போகிறோம். அங்கே மாட்டிக்கொள்வோமா?
- வாசகர், பெரம்பூர்

பதில்: அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் அது பிரேசிலுக்குப் பொருந்தும், பெரம்பூருக்கு அல்ல. தனி எத்தனால் 13 டிகிரிக்குக் கீழே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியாகாது. எத்தனாலிலேயே ஓடும் பிரேசில் கார்களில், ஸ்டார்ட் செய்வதற்கென்றே பானெட்டுக்குள் குட்டி பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். உங்கள் டேங்கில் ஐந்தில் நான்கு பங்கு பெட்ரோல்தான். பூஜ்ஜியத்துக்கு வெகு கீழேயும் அது ஆவியாகும். சென்னையின் 20 டிகிரி என்ன, ஊட்டியின் உறைபனியே அதை ஒன்றும் செய்யாது.

காதைத் தீட்டிக் கேளுங்கள். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி. நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று வருடத்திலேயே தளர்ந்துவிடும். விறுவிறுவென்று சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால், சாவியை ஆன் செய்து மூன்று விநாடி பொறுத்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்து பொறுத்து, பிறகு அடியுங்கள். உடனே பிடித்தால், இரவில் பெட்ரோல் லைனில் பிரஷர் இறங்குகிறது என்று சர்வீஸில் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கவும் வேண்டாம்.

மிதிக்காதே என்றதும் பழைய மாருதி 800 வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். கார்புரேட்டர் வண்டி என்றால் கதையே வேறு: சோக்கை முழுதாக இழுத்து, ஒருமுறை மிதித்து விட்டு, ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாகச் சூடாகச் சோக்கை உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் பிளக் கரி பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுடையது இன்ஜெக்டர் வண்டி, இதெல்லாம் வேண்டாம்.

இப்போது அந்த லிக்விட். பாட்டிலில் உங்கள் பெட்ரோலை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் காட்டுவார்கள். அடியில் தண்ணீர் கூடியிருக்கும். "பாருங்க, பங்க்ல எவ்வளவு தண்ணி கலந்திருக்கான்!" அவர் விட்ட தண்ணீர் எத்தனாலை இழுத்துக்கொண்டது, அவ்வளவே. எதை ஊற்றினாலும் டேங்கிலிருந்து எத்தனால் மாயமாகாது; மாயமாவது உங்கள் பணம். கிட் அதைவிட மோசம். இ85-க்காக (85 சதவீதம் வரை எத்தனால் உள்ள எரிபொருள்), இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் பெட்டி அது. இ20-இல் போட்டால் பெட்ரோலைத்தான் அதிகம் குடிக்கும். கம்பெனி வாரண்டியும் கைவிட்டுப் போகும்.

இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் வேறு. பெரும்பாலான பங்குகளில் கிடைப்பது இ20 மட்டுமே, வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. சந்தேகம் கேட்டால் பங்க்காரர் கார் கம்பெனியைக் காட்டுவார், கம்பெனி அரசாங்கத்தைக் காட்டும், அரசாங்கம் விளம்பரத்தைக் காட்டும். பாட்டிலைக் காட்டவாவது ஓர் ஆள் இருக்கிறாரே என்று ஜனங்கள் அவரிடமே போகிறார்கள்.

மலை ஏறுமுன் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் (பேட்டரி சுமையைத் தாங்குகிறதா என்ற சோதனை) போடச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அப்படியும் சார்ஜ் நிற்கவில்லையென்றால் பேட்டரியை இங்கேயே மாற்றிவிடுங்கள்.