சினை ஊசிக்கு முன் ‘குடலைத் தளர்த்தும் ஊசி’ தேவையா?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஊசி போட வருகிறவர், ‘மாடு ரொம்ப முக்குது, குடலைத் தளர்த்த தனியா ஒரு ஊசி போடணும்’ என்று கூடுதலாக 500 ரூபாய் கேட்கிறார். போடலாமா?”

வேண்டாம். சினை ஊசிக்கு, அதாவது செயற்கை முறைக் கருவூட்டலுக்கு, அது தேவையே இல்லை. ஊசி போடுகிறவர் கை ஆசனவாய் வழியே உள்ளே போனதும் மலக்குடல் இறுகுவது எல்லா மாட்டுக்கும் உள்ளதுதான். இறுக்கம் அலை அலையாக வந்து தானே விலகும். அதுவரை கையை அசைக்காமல் காத்திருக்க வேண்டும். கையுறையில் லிக்விட் பாரபின் தாராளமாகத் தடவ வேண்டும். சோப்பு நுரை எரிச்சலைக் கிளப்பி, மாட்டை இன்னும் முக்க வைக்கும். கையுறையில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பொறுமையாக நிற்க மனமில்லாதவர்தான் மருந்தைத் தேடுகிறார்.

இதற்கென்று உள்ள மருந்து ஹயோசின். மனிதர்களின் வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுப்பதும் இதுதான். இது குடலின் அசைவையே கொஞ்ச நேரம் நிறுத்தும், நெஞ்சுத் துடிப்பைக் கூட்டும். அசைபோடும் பிராணிக்கு வயிற்றின் அசைவு நிற்பது நல்லதல்ல, வயிறு உப்பலாம். மருத்துவர் அளவு பார்த்துப் போட வேண்டியதை, ஊசி போட வரும் தரகர் கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கருமாற்றம் (வேறு பசுவின் கருவை எடுத்து இன்னொரு பசுவின் கருப்பையில் வைப்பது) செய்யும்போது, பருவத்துக்கு வந்த சுமார் ஏழாம் நாளில், கருப்பைக் கொம்பின் உள்ளே ஆழமாகக் கருவை வைக்க வேண்டும். குடல் துள்ளினால் கருப்பையில் காயம் பட்டுவிடும். அதனால் வாலின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே, முடியை மழித்துச் சுத்தம் செய்து, மரத்துப்போக வைக்கும் 2 சதவீத லிக்னோகெயின் ஏறக்குறைய 5 மில்லி போடுவார்கள். அளவு கூடினால் பின்னங்கால் மரத்து மாடு விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் மாட்டுக்கு நடந்தது இதுவல்ல.

குப்பியைக் காட்டாமல் சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டே வருகிறவரை வாசலிலேயே நிறுத்துங்கள். குப்பியில் ஆக்ஸிடோசின் இருந்தால் அது கருப்பையைச் சுருக்கும், தளர்த்தாது. ரசீதும் இல்லை, பதிவும் இல்லை, நாளைக்கு மாடு படுத்துவிட்டால் யாரைக் கேட்பீர்கள்? ஒரு மருத்துவர் தலையில் இத்தனை ஊரைக் கட்டிவிட்டு, சம்சாரி தரகரை நம்பிவிட்டான் என்று குறை சொல்வதில் என்ன நியாயம்? காலியிடங்களை நிரப்பட்டும் முதலில்.

சரி, மாடு ஏன் நிற்கவில்லை? பெரும்பாலும் நேரம் தப்பியிருக்கும். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை ஊசி போட வேண்டும். மூன்று தடவை தவறியதால் கருப்பையில் புண் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பருவத்தில் மாட்டின் அறையிலிருந்து வழியும் வழும்பு கண்ணாடிபோல் இல்லாமல் கலங்கியோ சீழ் கலந்தோ இருந்தால் இந்தப் பருவத்துக்கு ஊசி போடாமல், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாட்டைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தெந்தத் தேதியில் ஊசி போட்டது என்று எழுதி எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.