இளைஞர் பேரவை இருந்தால் உள்ளூர் நிர்வாகம் இளைஞர்கள் சொல்வதைக் கேட்குமா?

வாக்களிக்கும் வயதே வராதவர்களின் பேச்சு நகராட்சியில் எடுபடுமா, இளைஞர் பேரவை அதற்கு எப்படி உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். எடுபடும். ஆனால் பேரவை என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது.

பள்ளிகளிலும் குடியிருப்புப் பகுதிகளிலும் இளைஞர்கள் இந்தப் பேரவைக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். பேருந்து நேரம், விளையாட்டுத் திடல், நூலகம் பற்றி நிர்வாகம் முடிவெடுக்கும் முன் இவர்கள் கருத்துச் சொல்வார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பேசும் உரிமையை, 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-வது பிரிவே தருகிறது.

சிக்கல் அப்புறம்தான். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, முடிவுகளில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகள் பங்கேற்பே அல்ல என்றார். பிள்ளைகளை மேடையில் உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவது அந்த ரகம்தான்.

பணம் கைக்கு வரும்போது நிலைமை மாறுகிறது. 2014-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாநகரம் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவழிப்பது என்பதை 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களே வாக்களித்து முடிவு செய்ய விட்டது. பூங்காச் சீரமைப்பு, பள்ளிகளுக்கு மடிக்கணினி என்று அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இவ்வளவு பணம் இல்லையா, சரி. ஒவ்வொரு பரிந்துரைக்கும் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்ற ஒரு விதியையாவது கேட்டு வாங்குங்கள். கூட்டத்தைப் பள்ளி நேரத்தில் வைக்கவும் விடாதீர்கள்.