ரகசியக் கேமராவில் ‘ஓடிப்போனவன்’ ஆக்கிவிட்டார்கள்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு மாலை நேரம், பேருந்து நிறுத்தத்தில் ஓர் இளைஞன் கூட நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக் கத்திக்கொண்டிருந்தான். அந்தப் பெண் “விடு, விடு” என்று அழுதாள். சுற்றி நின்ற யாரும் அசையவில்லை. நான் சற்றுத் தள்ளிப்போய் 112-க்கு போன் போட்டு விவரம் சொன்னேன். அதற்குள் என்னோடு வந்த அலுவலக நண்பர் அந்தப் பையனை இரண்டு அறை அறைந்துவிட்டார். உடனே ஒரு வேனிலிருந்து மைக்கோடு ஒருவர் இறங்கி வந்து, “இது சோஷியல் எக்ஸ்பெரிமென்ட், சுற்றிலும் கேமரா இருக்கிறது” என்றார். ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். போன மாதம் அது ஒரு செய்தி சேனலில் வந்தது. நான் விலகிப் போவது மட்டும் இருக்கிறது, போனில் பேசியது இல்லை. முகத்தையும் மறைக்கவில்லை. கீழே “நழுவி ஓடிய அங்கிள்” என்று எழுத்து, பின்னால் கேலி இசை. யூடியூபிலும் ஏற்றியிருக்கிறார்கள். அலுவலகத்தில் தலைகாட்ட முடியவில்லை. நண்பரிடம், “படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் நடிகரை அடித்ததாகப் புகார் கொடுப்போம்” என்கிறார்களாம். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கோபமெல்லாம் மறைத்து வைத்த கேமராவின் மேல் இருப்பது புரிகிறது. ஆனால் உங்கள் வழக்கு கேமராவில் இல்லை, எடிட்டிங் அறையில் இருக்கிறது. “என்னைக் கேட்காமல் படம் பிடித்தார்கள்” என்று நோட்டீஸ் அனுப்பினால் சேனலின் வக்கீல் நிம்மதியாகத் தூங்குவார். “போலீஸுக்குத் தகவல் சொன்னவனை, அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஓடிப்போனவனாகக் காட்டினார்கள்” என்று அனுப்புங்கள், அவருக்குத் தூக்கம் வராது.

ஏன் என்று சொல்கிறேன். பொது இடத்தில் நிற்பவரைப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் பொதுவான சட்டம் இந்தியாவில் இல்லை. பலரும் நினைத்துக்கொண்டு வரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, உடலின் அந்தரங்கப் பகுதிகளைப் படம் எடுப்பது பற்றியது. ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பது, படமெடுப்பது பற்றியது. இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அதை நம்பி இப்போது இறங்க வேண்டாம்.

அந்தரங்க உரிமை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு அதை அடிப்படை உரிமை என்றது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை, அது இடத்தோடு அல்ல மனிதரோடு ஒட்டியது என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் உண்டு. நம் மதுரைக் கிளையும் 2019 ஏப்ரலில், டிக்டாக் தொடர்பான வழக்கின் இடைக்கால உத்தரவில், மூன்றாம் நபரை ‘பிராங்க்’ செய்து கேலிப்பொருளாக்குவது அந்தரங்க உரிமை மீறல் என்று சொன்னது. அந்த உத்தரவு செயலிக்குப் போட்ட தடை அதே மாதம் நீங்கிவிட்டது. இவற்றையெல்லாம் நோட்டீஸில் கண்டிப்பாக எழுதலாம். ஆனால் இவை துணைப் படைதான். தனியார் சேனலுக்கு எதிராக இதை மட்டும் வைத்துக்கொண்டு போனால், பேருந்து நிறுத்தத்தில் அப்படி என்ன அந்தரங்கம் என்ற கேள்வியில் ஒரு வருடம் போய்விடும்.

இப்போது வெட்டி ஒட்டிய விஷயத்துக்கு வருவோம். கேபிள் டெலிவிஷன் நெட்வொர்க் விதிகள், 1994 என்று ஒன்று இருக்கிறது. அதன் 6-வது விதிதான் நிகழ்ச்சி நெறிமுறை. எதையெல்லாம் ஒளிபரப்பக் கூடாது என்று பட்டியல் போடும்போது ஆபாசம், அவதூறு ஆகியவற்றோடு ‘அரை உண்மைகள்’ என்பதையும் அந்த விதி சேர்த்தே சொல்கிறது. உங்கள் கதைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நீங்கள் விலகிப் போனது உண்மை. எதற்காகப் போனீர்கள் என்பது மீதி உண்மை. தனிமனிதரை இழிவுபடுத்தும் நிகழ்ச்சிகளுக்கும் அதே விதியில் தடை உண்டு. செய்தி சேனல்களின் சுயகட்டுப்பாட்டு நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது: ரகசியக் கேமரா கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், எடுத்த காட்சியை உண்மையின் ஒரு பகுதி மட்டும் தெரியும்படி வெட்டக் கூடாது என்கிறது. கையை இழுக்கும் நாடகத்தைத் தாங்களே அரங்கேற்றிவிட்டு அதற்கு ரகசியக் கேமரா வைப்பது எந்த வகையில் கடைசி வழி என்று எனக்குப் புரியவில்லை.

கேமராவுக்காகவே ஒரு காட்சியை உருவாக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 2007-இல் டெல்லியில் நடந்ததே போதும். ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை மீது குற்றம் சாட்டி, ரகசியக் கேமராவில் எடுத்ததாக ஒரு காட்சி ஒளிபரப்பானது. கூட்டம் திரண்டு அவரைத் தாக்கியது, வேலையும் போனது. பிறகுதான் அது ஜோடிக்கப்பட்ட காட்சி என்று தெரிந்தது. மத்திய அரசு அந்தச் சேனலை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. டெல்லி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, இத்தகைய நிகழ்ச்சிகளுக்கான வழிகாட்டு நெறிகளை அந்த டிசம்பரில் முன்வைத்தது. உங்களுக்கு நேர்ந்தது அந்த அளவுக்கு இல்லை. வகை ஒன்றுதான்.

ஆக, முதல் வேலை சாட்சியம். இன்று இரவே செய்யுங்கள். உங்கள் போனில் அன்றைய அழைப்புப் பட்டியலைத் திறந்து, 112 அழைப்பின் தேதி, நேரம், எத்தனை நொடி பேசினீர்கள் என்பது தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். யூடியூப் காணொளியின் முகவரி, ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை, உங்களைப் பற்றிய பின்னூட்டங்கள் எல்லாவற்றையும் சேமியுங்கள். காணொளியையும் இறக்கி வையுங்கள். நோட்டீஸ் போன மறுநாளே அது காணாமல் போகக்கூடும். இவற்றை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். நோட்டீஸில், வெட்டாத முழுப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். சுற்றிலும் கேமரா இருந்ததாக அவர்களே சொல்கிறார்கள் என்றால் நீங்கள் போனில் பேசுவது அதில் ஏதாவது ஒன்றில் இருக்கும். அழித்தால், ஏன் அழித்தார்கள் என்ற கேள்வியே உங்கள் பக்கம் பேசும்.

அடுத்து, வழக்குக்கு முன்பே செய்ய வேண்டிய புகார். 2021-இல் திருத்தப்பட்ட கேபிள் விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் சேனலுக்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். 24 மணி நேரத்தில் ஒப்புகை, 15 நாளில் முடிவு தர வேண்டும். திருப்தியில்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு, அதற்கும் மேலே மத்திய அரசு. செலவு தபால் செலவுதான். மன்னிப்பு ஒளிபரப்ப வைப்பதற்கு நீதிமன்றத்தைவிட இது வேகமான வழி. யூடியூபின் குறைதீர் அதிகாரிக்கும் தனியாக எழுதுங்கள். அங்கேயும் 24 மணி நேர ஒப்புகைதான். முடிவுக்கு 15 நாள் என்று இருந்ததை 2026 பிப்ரவரியில் 7 நாளாகக் குறைத்துவிட்டார்கள்.

வழக்கு என்று வந்தால் இரண்டு வழி. குற்ற அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு, பழைய ஐபிசி 499, 500. அதிகபட்சம் 2 ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட மாட்டார்கள். நீங்களே நீதித்துறை நடுவர் முன் தனிநபர் புகார் தாக்கல் செய்ய வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, புகாரை ஏற்பதற்கு முன்பே எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும், அதனால் தொடக்கமே இழுக்கும். வாய்தாவுக்கு வாய்தா உங்களைத்தான் அலைய வைக்கும். அவர்களைச் சிறையில் பார்க்க வேண்டும் என்ற வெறி இல்லாவிட்டால் இதை முதலில் எடுக்காதீர்கள்.

உரிமையியல் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஒரு தேதியை மறக்காதீர்கள்: காலவரம்புச் சட்டப்படி இதற்கு ஒளிபரப்பான நாளிலிருந்து ஒரே ஓர் ஆண்டுதான். ஒரு மாதம் போய்விட்டது. தமிழ்நாட்டில் 2017 முதல் நீதிமன்றக் கட்டணம், கேட்கும் தொகையில் 3 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய் கட்ட வேண்டும். கோபத்தில் கோடி ரூபாய் கேட்டுவிட்டு, கட்டணம் கட்ட முடியாமல் விழிப்பவர்கள் உண்டு. தொகையை நிதானமாக முடிவு செய்யுங்கள். காணொளியை முழுதாக நீக்க இடைக்கால உறுத்துக்கட்டளை (வழக்கு முடியும்வரைக்கான நீதிமன்ற ஆணை) கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். விசாரணைக்கு முன் ஊடகத்துக்குத் தடை போடுவதில் எச்சரிக்கை தேவை என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது. முகத்தை மறைக்கவும் அந்த எழுத்தை நீக்கவும் கேளுங்கள். சின்னக் கோரிக்கை சீக்கிரம் கிடைக்கும்.

அவர்கள் என்ன சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள்? “பொது நலனுக்காக எடுத்தோம், அது எங்கள் கருத்து” என்பார்கள். கருத்து சொல்ல உரிமை உண்டு. ஆனால் அது உண்மையான சங்கதியின் மேல் நிற்க வேண்டும். நீங்கள் 112-க்குப் பேசியது நிரூபணமானால் ‘நழுவி ஓடிய’ என்பதற்குக் கீழே தரையே இல்லை.

நேரில் தலையிடாதது குற்றமா என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் தெரிகிறது. இல்லை. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்ற பொதுக் கடமை நம் சட்டத்தில் கிடையாது. கொலை, கொள்ளை போன்ற சில குற்றங்கள் தெரியவந்தால் தகவல் சொல்லும் கடமை மட்டும் உண்டு. நீங்கள் அந்தக் கடமை இல்லாத இடத்திலும் தகவல் சொன்னவர். நடந்தது நாடகம் என்பதால் பொய்த் தகவல் தந்ததாக உங்கள் மேல் யாரும் பாய முடியாது. பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் நியாய சன்ஹிதாவின் 217-வது பிரிவு. அவசர எண்ணுக்கு வீண் அழைப்பு போகக் காரணமானவர்கள் யார் என்று காவல்துறை கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அந்த வேனில் வந்தவர்கள்.

நண்பர் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். இத்தகைய நிகழ்ச்சிகளின் முன்னோடியான அமெரிக்காவின் ‘கேண்டிட் கேமரா’ 1948-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. விளையாட்டை உடைத்துச் சொன்ன பிறகு கையெழுத்து வாங்குவது இத்தகைய நிகழ்ச்சிகளின் வழக்கம். ஒளிபரப்பாளருக்கு அந்தத் தாள்தான் கவசம். உங்கள் நண்பரின் கையெழுத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்றால் கவசம் இல்லாமல் நிற்கிறார்கள் என்று அர்த்தம். மிரட்டல் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அழிக்காமல் வையுங்கள். போனில் வந்தால், “எழுத்தில் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடச் சொல்லுங்கள்.

அவர் அறைந்ததற்கு அதே சன்ஹிதாவின் 115-வது பிரிவின்படி, காயம் விளைவித்ததாக அவர்கள் புகார் கொடுக்கலாம்தான். ஆனால் தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காப்பாற்றும் உரிமையை 35-வது பிரிவு தருகிறது. நடிப்பு என்று தெரியாமல், நிஜம் என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செய்தவருக்கு 17-வது பிரிவில் பாதுகாப்பு உண்டு. பார்த்தவர்கள் எல்லாரும் நம்பும்படி நடித்துவிட்டு, நம்பியது குற்றம் என்று அவர்களே நீதிமன்றத்தில் வாதாட வேண்டியிருக்கும். எனக்கு அந்தக் கட்சிக்காரர் வேண்டாம். ஆனால் இந்தப் பாதுகாப்பு தேவையான அளவுக்குத்தான் நீளும். ஆகவே நண்பரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேட்டு எனக்கு எழுதுங்கள்: அந்த இரண்டாவது அறை, மைக்கோடு வந்தவர் “கேமரா” என்று சொல்வதற்கு முன்பா, பின்பா?