காற்றாலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆரல்வாய்மொழி வழியாகப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். இறக்கைகள் மெதுவாகத்தான் சுற்றுகின்றன. இந்த வேகத்தில் எப்படிக் கரண்ட் வரும்?

மெதுவாகத் தெரிவது தூரத்தால் வரும் மயக்கம். 120 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 12 சுற்று சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது.

காற்று முட்டித் தள்ளுவதால்தான் இறக்கை சுற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விமானத்தின் இறக்கையைப் போலவே இதற்கும் வளைந்த வடிவம். காற்று கடக்கும்போது ஒரு பக்கத்தில் அழுத்தம் குறைகிறது, இறக்கை அந்தப் பக்கம் இழுபடுகிறது. நுனியின் வேகம் காற்றின் வேகத்தைப் போலப் பல மடங்கு இருப்பதற்கு இந்த இழுவிசைதான் காரணம்.

கோபுர உச்சியிலுள்ள பெட்டிக்குள் கியர்பாக்ஸ் அந்த 12 சுற்றை ஆயிரத்துக்கு மேல் ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. பல இயந்திரங்களில் அங்கே பிறப்பது 690 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் அதை 33,000 வோல்ட்டுக்கு உயர்த்தித் துணை மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. கியர்பாக்ஸே இல்லாத வகையும் உண்டு.

எங்கள் ஊரிலும் காற்று நன்றாகத்தான் அடிக்கிறது. ஏன் முப்பந்தல், உடுமலை, கயத்தாறு என்று சில இடங்களிலேயே குவிக்கிறார்கள்?

இந்தத் துறையில் ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசும் ஊரில் பத்து யூனிட் ஆற்றல் இருந்தால், 8 மீட்டர் வீசும் ஊரில் எண்பது. நமக்கு "நல்ல காற்று" என்று தோன்றுவது பெரும்பாலும் அந்த முதல் வகைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட காற்று எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே நெருக்கியடித்து, வேகமெடுத்து வெளியே வருகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலை, பல்லடம் பக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசி, சுரண்டை பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இதுதான் சீசன். ஆடியில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை.

மொட்டை மாடியில் சின்னதாக ஒன்று வைத்தால் வீட்டுக்குப் போதுமா?

வேண்டாம். நொடிக்கு 4 மீட்டர் காற்றில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலே 40 வாட்டுக்குள்தான். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது என்பது இயற்பியல் விதி. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது. சிறிய இயந்திரங்கள் அந்த வரம்பில் பாதியை எட்டினாலே அதிகம். பக்கத்துக் கட்டடங்கள் வேறு காற்றைக் கலைத்துவிடும். மாடியில் சூரியத் தகடு போடுங்கள்.

காற்றாலை வந்த பிறகுதான் எங்கள் பக்கம் மழை குறைந்தது என்கிறார்கள். உண்மையா?

மழையை நம்பி விதைப்பவர் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் மழைக்குக் காற்றாலை காரணமல்ல. இறக்கை எட்டும் உயரம் தரையிலிருந்து சுமார் 200 மீட்டர்தான். மழை மேகங்கள் பல கிலோமீட்டர் உயரத்துக்கு வளர்பவை. கணவாய்களின் கிழக்குப் பக்கம் மலையின் மழை மறைவுப் பகுதி; முதல் காற்றாலை வருவதற்கு முன்பும் தென்மேற்குப் பருவத்தில் அங்கே காற்று அதிகம், மழை குறைவு.

ஆனால் கோபுரத்துக்குப் பாதை போடும்போது ஓடையை மறித்தாலோ குளத்துக்கு வரும் நீர்வழியை மூடினாலோ அது உண்மையான பாதிப்பு. அதை விடாமல் கேளுங்கள்.

நல்ல காற்று நேரத்தில் சில காற்றாலைகள் நிற்கின்றனவே?

பழுதுபார்ப்பு ஒரு காரணம். காற்றின் வேகம் நொடிக்கு 25 மீட்டரைத் தாண்டினால், காற்றாலை இறக்கைகளைத் திருப்பி, சுழற்சியைத் தானே நிறுத்திக்கொள்ளும். எனக்கு வருத்தம் தருவது மூன்றாவது காரணம்: சீசனில், முக்கியமாக இரவு நேரத்தில், தேவைக்கு மேல் மின்சாரம் வந்தால் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரம் வீணாகிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். கடம்பாறையில் 400 மெகாவாட்டுக்கு அப்படி ஒரு நிலையம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் பல வேண்டும்.

பழைய சிறிய காற்றாலைகளைக் கழற்றிவிட்டுப் பெரியது வைப்பது தேவையா?

கட்டாயம் தேவை. 1986-இல் தூத்துக்குடியில் நிறுவிய முதல் இயந்திரங்கள் தலா 55 கிலோவாட். தொண்ணூறுகளில் வந்தவை பெரும்பாலும் 225, 250 கிலோவாட். முதலில் வந்ததால் காற்று மிகுந்த இடங்களை அவைதான் பிடித்திருக்கின்றன. கோபுரமும் குட்டை, இறக்கையும் சிறிது. இன்று ஒரே இயந்திரம் 2, 3 மெகாவாட். அதே நிலத்தில் குறைந்த கோபுரங்களில் பல மடங்கு மின்சாரம் எடுக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில். பெரிய இறக்கைகளுக்கு இடைவெளி அதிகம் வேண்டும், ஆனால் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களுக்கு வேறு வேறு உரிமையாளர்கள். மாநில அரசு 2024-இல் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அப்புறம், உங்களிடம் பழைய இயந்திரம் இருந்தால் தனியாக முடிவெடுக்காதீர்கள். சுற்றியுள்ளவர்களோடு சேர்ந்து, நிலத்தையும் பங்கையும் எழுத்தில் பேசி முடித்துவிட்டு இறங்குங்கள்.