குப்பாயம் கிடைத்த பிறகும் ஏன் போராடினார்கள்?

அன்புள்ள ஐயா,

தோள்சீலைப் போராட்டம் என்றால் நாடார் பெண்கள் ரவிக்கை போடும் உரிமைக்காகப் போராடியது என்றுதான் படித்திருக்கிறேன். ஆனால் கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள் குப்பாயம் அணிய 1814 வாக்கிலேயே திருவிதாங்கூர் அரசு அனுமதித்துவிட்டதாம். அப்புறம் எதற்கு 1859 வரை கலகம்?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

குப்பாயம் என்பது சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் போட்ட தளர்வான சட்டை. உடம்பை மறைப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும். மதம் மாறிய நாடார் பெண்களோ குப்பாயத்துக்கு மேலே தோளில் ஒரு சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அது மேல்சாதியான நாயர் பெண்கள் போடும் மேல்முண்டு. கலகம் வெடித்தது அதற்காகத்தான்.

அன்றைய திருவிதாங்கூரில் உனக்கு மேலே இருப்பவன் முன்னால் தோளைத் திறந்து நிற்பதுதான் மரியாதை. நாயர் பெண்களே நம்பூதிரிகள் முன்னால் மேல்முண்டை எடுத்தாக வேண்டும். நாடார்களுக்கு அந்தத் துணியே கிடையாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கூட நடக்கக் கூடாது. இடுப்பில் குடம் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? எவ்வளவு நுணுக்கமாக யோசித்து மனிதரை அவமானப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். இன்றும் அவர் வழி வந்தவர்களின் வழிபாட்டு இடமான பதிக்குள் ஆண்கள் தலைப்பாகையோடுதான் போகிறார்கள்.

1829-இல் ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட அறிவிப்பு மேல்முண்டைத் திட்டவட்டமாகத் தடுத்தது. பெண்கள் அடங்கவில்லை. 1858 கடைசியில் மறுபடி கலவரம்; சந்தையில் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். மிஷனரிகள் மனு எழுதினார்கள், சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் நெருக்கினார், எல்லாம் உண்மை. ஆனால் சந்தையில் அடிவாங்கிவிட்டு, மறுபடியும் சீலையைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு மிஷனரிகள் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

1859 ஜூலை 26 அறிவிப்பு என்ன சொன்னது என்பதையும் கவனியுங்கள். எல்லா நாடார் பெண்களும் சட்டை போடலாம். மீனவர்களான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. கேட்டது எதுவோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொடுத்தார்கள். அந்த நிபந்தனையை அந்தப் பெண்கள் மதிக்கவில்லை, பிடித்தபடி உடுத்தினார்கள்.

புலையர் பெண்களின் நிலைமை இதைவிட மோசம். கழுத்தில் கல்மாலை போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அதை அறுத்தெறிந்துவிட்டு அவர்கள் ரவிக்கை போட, 1915-இல் கொல்லம் பக்கம் அய்யன்காளி தலைமையில் இன்னொரு போராட்டம் நடக்க வேண்டியிருந்தது.